அஞ்சற்பை சுமந்து வந்த அறிவு

இங்கிலாந்து நாட்டின் கென்ட் மாவட்டத்திலே, டௌன் என்றொரு சிற்றூர். ஊர்ப்புறத்திலே ஒரு பெரிய வீடு. காலை மணி ஒன்பதரை. எட்டு மணியிலிருந்து தம் அறையிலே அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்த ஒரு மனிதர், எழுந்து கூடத்துக்கு வருகிறார். நெடிய உருவம்; சற்றே வளைந்த தோள்; வழுக்கைத் தலை; நெஞ்சை மறைக்கும் வெண்தாடி. வாந்தியும் மயக்கமும் ஆண்டுக்கணக்கில் வாட்டி வதைத்த உடல். அந்த மனிதரின் கண்கள் தேடுவது ஒன்றைத்தான் — இன்றைக்கு வந்த கடிதங்கள் எங்கே?

மேசைமீது கிடக்கின்றன கடிதங்கள். கல்கத்தாவிலிருந்து ஒன்று. பிரேசில் நாட்டுக் காட்டோரத்திலிருந்து ஒன்று. அமெரிக்காவிலே, பூச்சி தின்னும் செடிகளை விளக்கு வைத்துக்கொண்டு கவனிக்கும் பெண்மணி ஒருவர் எழுதியது மற்றொன்று. ஒரு உறையிலே காய்ந்த மலர். இன்னொரு பொட்டலத்திலே விதைகள். உள்ளூர்ப் புறா வளர்ப்போன் கிறுக்கிய நாலு வரியும் அவற்றின் நடுவே உண்டு.

அந்த மனிதர்தாம் சார்லஸ் டார்வின்.

டார்வினின் கொள்கையைப் பற்றி நாம் மேடைகளிலே பேசியிருக்கிறோம், படிப்பகங்களிலே விவாதித்திருக்கிறோம். அவர் எழுதிய நூல் உலகத்தை உலுக்கியதையும், பழமை விரும்பிகள் பதறியதையும் நம் தோழர்கள் அறிவார்கள். இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டது, அவர் எழுதிய நூலைப் பற்றியல்ல. அவருக்கு வந்த கடிதங்களைப் பற்றி. ஏனெனில், அந்தக் கடிதங்கள் இல்லையேல் அந்த நூல்கள் இல்லை. அந்தக் கடிதங்களை எழுதியோர் எல்லோரும் பட்டதாரிகளும் அல்லர், பிரபுக்களும் அல்லர்.

கேம்பிரிட்ஜிலே 1974-ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். டார்வின் எழுதிய கடிதங்கள், அவருக்கு வந்த கடிதங்கள் — கிடைத்தவற்றை எல்லாம் திரட்டி அச்சிடும் வேலை. 30 தொகுதிகள் ஆயின. கடைசித் தொகுதி 2023-ல்தான் வெளிவந்தது. ஒரு மனிதரின் அஞ்சலைப் படித்து முடிக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள்! 15,000-க்கு மேற்பட்ட கடிதங்கள். எழுதியோரும் பெற்றோருமாக ஏறக்குறைய 2,000 பேர். அந்த 2,000 பேரிலே தோட்டக்காரர் உண்டு, கப்பல் பணியாள் உண்டு, பாதிரியார் உண்டு, பேராசிரியர் உண்டு, காலணித் தொழிலிலே இருந்தவரும் உண்டு.

டார்வின் ஏழை வீட்டுப் பிள்ளையல்லர். 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ம் நாள், ஷ்ரூஸ்பரி நகரிலே, வசதி மிகுந்த மருத்துவர் வீட்டிலே பிறந்தார். தாயார், புகழ்பெற்ற வெட்ஜ்வுட் மட்பாண்டத் தொழிற்சாலைக் குடும்பத்தவர். எட்டு வயதிலே தாயை இழந்தார். கூலிக்கு உழைத்து உண்ண வேண்டிய நிலை அவருக்கு வாழ்நாளில் ஒருநாளும் ஏற்பட்டதில்லை. இதை மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்வது நேர்மையாகாது. ஆனால், செல்வத்திலே பிறந்த எத்தனையோ பேர் குதிரை ஓட்டியும் சூதாடியும் காலம் கழித்த நாட்டிலே, இந்தச் செல்வர் வீட்டுப் பிள்ளை எவரிடமும் பாடம் கேட்கக் கூசாதவராக வளர்ந்தார். அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

மருத்துவம் படிக்க எடின்பரோ நகருக்கு அனுப்பினார் தந்தை. அறுவைக் கூடத்திலே மயக்க மருந்தில்லாத அந்தக் காலத்து அலறலைக் கேட்டு, வெளியே ஓடி வந்துவிட்டார் மகன். மருத்துவம் ஏறவில்லை. ஆனால் அந்த ஊரிலே வேறொரு பாடம் கிடைத்தது. தென்னமெரிக்காவின் கயானா நாட்டிலே அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்னும் கறுப்பர், அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார். செத்த பறவையின் தோலை உரித்து, பதப்படுத்தி, உயிருள்ளது போல நிறுத்துவதிலே வல்லவர். அவருக்குக் கட்டணம் கொடுத்து, அவர் பக்கத்திலே உட்கார்ந்து, அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார் டார்வின். பின்னாளில் கலாப்பகோஸ் தீவுகளின் பறவைகளைப் பதப்படுத்தி இங்கிலாந்துக்குக் கொண்டுவர உதவியது, கல்லூரிப் பேராசிரியர் தந்த பாடமல்ல. முன்னாள் அடிமை கற்றுத் தந்த கைத்தொழில்!

மருத்துவம் ஏறாத மகனைப் பாதிரியாராக்கலாம் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார் தந்தை. படிப்பு முடிந்தது. 1831-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ம் நாள் வெளியூரிலிருந்து வீடு திரும்பிய இருபத்திரண்டு வயது இளைஞருக்கு ஒரு கடிதம் காத்திருந்தது. அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட முதல் கடிதம் அது.

எழுதியவர், அவருடைய ஆசிரியர் ஹென்ஸ்லோ. பீகிள் என்னும் கப்பல் தென்னமெரிக்கக் கடற்கரைகளை அளக்கப் புறப்படுகிறது. இயற்கையை ஆராயும் இளைஞர் ஒருவர் வேண்டும். நீ முற்றும் தேர்ந்தவன் அல்லன் என்றாலும், பார்க்கவும் திரட்டவும் குறித்துவைக்கவும் தகுந்தவன் — இதுதான் செய்தி. தந்தை மறுத்தார். பாதிரியாராகப் போகிறவனுக்கு இது தகாத வேலை என்றார். ஆனால் அறிவுள்ள ஒருவராவது போகச் சொன்னால் தடுக்கமாட்டேன் என்றும் சொல்லிவைத்தார். தாய்மாமன் வெட்ஜ்வுட் முன்வந்தார். தந்தை அடுக்கிய தடைகள் ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி அனுப்பினார். தந்தை இசைந்தார். 1831 டிசம்பர் 27-ல் கப்பல் கிளம்பிற்று. 1836 அக்டோபர் 2-ல் திரும்பிற்று. அந்த ஒரு கடிதம் தாமதித்திருந்தால், கிராமத்துக் கோயிலிலே ஞாயிறுதோறும் உபதேசம் செய்யும் பாதிரியார் ஒருவர் கிடைத்திருப்பார், டார்வின் கிடைத்திருக்கமாட்டார்.

அந்தப் பயணத்திலே, பிரேசிலில் அடிமைகள் படும் பாட்டைக் கண்டார். கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் அடிமை முறைக்குப் பரிந்து பேசினார். எசமானர் முன்னிலையில் அடிமைகளைக் கேட்டபோது, தாங்கள் மகிழ்ச்சியாகவே இருப்பதாகச் சொன்னார்கள் என்றார். எசமானர் எதிரே நின்று அடிமை சொல்லும் பதிலுக்கு என்ன மதிப்பு என்று கேட்டுவிட்டார் இளைஞர் டார்வின். தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது. கப்பலை விட்டே இறங்க நேரிடுமோ என்னும் அளவுக்குப் போயிற்று சண்டை. சொன்னவன் யார், எந்த நிலையில் நின்று சொன்னான் என்று பார்த்துச் செய்தியை எடைபோடும் குணம், அப்போதே அவரிடம் முளைத்துவிட்டது.

1839 சனவரியில், மாமன் மகள் எம்மாவை மணந்தார். மணம் முடித்த சில நாட்களிலேயே எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒரே வீட்டில் வாழும் மனைவி, கணவனிடம் நேரில் சொல்ல முடியாததைக் காகிதத்தில் எழுதினார். எதையும் மெய்ப்பித்த பிறகே நம்பும் ஆராய்ச்சிப் பழக்கம், மெய்ப்பிக்க முடியாத சமய உண்மைகளிலும் உம் மனத்தைக் கெடுத்துவிடுமோ? மறுமையிலே நாம் பிரிந்துவிடுவோமோ? இதுதான் அந்தப் பெண்மணியின் கவலை. டார்வின் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைச் சாகும்வரை பாதுகாத்தார். இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதன் அடியிலே எழுதியும் வைத்தார். பழமையை மறுப்பவனுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று பேசுவோர், இந்த ஒரு தாளைப் பார்க்கட்டும்.

1842-ல் டௌன் கிராமத்து வீட்டில் குடியேறினார். நோய் அவரை அங்கேயே கட்டிப்போட்டது. ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றிய கால்கள், தோட்டத்து மணற்பாதையிலே சுற்றத் தொடங்கின. உலகத்துக்கு அவர் போக முடியாது. உலகம் அவரிடம் வர வேண்டும். வந்தது! எப்படி வந்தது?

1840-ல் இங்கிலாந்திலே ஒரு சீர்திருத்தம் நடந்தது. அதற்குமுன் கடிதத்துக்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுக்க வேண்டும். தூரம் கூடக் கூடக் கட்டணம் ஏறும். ஏழை வீட்டுக்குக் கடிதம் வந்தால், பணமில்லாமல் திருப்பி அனுப்பிய கதைகள் ஏராளம். ரோலண்ட் ஹில் என்பவர் வகுத்த திட்டப்படி, நாட்டின் எந்த மூலைக்கும் அரை அவுன்சு கடிதத்துக்கு ஒரே ஒரு பென்னி என்று ஆயிற்று. கடிதம் எழுதுவது கனவானுக்கு மட்டும் உரிய பொழுதுபோக்காக இருந்த நிலை மாறிற்று. அஞ்சல் மலிந்தது, அறிவும் நடமாடத் தொடங்கிற்று. அந்த ஒரு பென்னி வில்லையை டார்வினைப்போலப் பயன்படுத்தியவர் குறைவு.

கேள்வி கேட்பதிலே அவருக்கு நிகர் அவரே. கால்நடை வளர்ப்போருக்கென்று 1839-லேயே கேள்விகளை அச்சடித்து அனுப்பியிருக்கிறார். கலப்பினக் கன்று எப்படி இருந்தது? தாயைப் போலவா, தந்தையைப் போலவா? அடுத்த தலைமுறையிலே பாட்டனின் குணம் திரும்பியதா? இவை நூலகத்திலே விடை கிடைக்காத கேள்விகள். தொழுவத்திலே நிற்பவனுக்குத்தான் தெரியும்.

பீகிள் கப்பலிலே அவருக்குப் பணியாளாக இருந்தவர் சிம்ஸ் கோவிங்டன். பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார், காது மந்தமாயிற்று. பழைய எசமானர் அவரை மறக்கவில்லை. காதுக்கு வைத்துக் கேட்கும் குழல் ஒன்றை வாங்கிக் கப்பலேற்றி அனுப்பினார். பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்னும் கடலுயிரை டார்வின் எட்டாண்டுக்காலம் ஆராய்ந்தபோது, ஆஸ்திரேலியக் கடற்கரையிலே அலைந்து அவற்றைத் திரட்டி அனுப்பியவர்களிலே இந்தக் கோவிங்டனும் ஒருவர். அவர் பிற்காலத்தில் பார்த்த வேலை என்ன தெரியுமா? பம்புலா என்னும் ஊரிலே அஞ்சல் நிலையத் தலைவர்!

1855-ல் புறா வளர்க்கத் தொடங்கினார் டார்வின். இலண்டனிலே புறா வளர்ப்போர் சங்கங்கள் இருந்தன. அவற்றிலே சேர்ந்தார். சாராயக் கடையிலே கூடிப் புறாக்களை எடைபோட்டுப் பேசும் எளிய மனிதரிடையே போய் உட்கார்ந்தார். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டார். விசிறிவால் புறா, தொண்டை உப்பும் புறா, வானிலே கரணமடிக்கும் கர்ணப் புறா — இத்தனை வகையும் ஒரே மாடப்புறாவிலிருந்து மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததால் வந்தவை என்று கண்டார். மனிதன் சில நூறு ஆண்டுகளில் இதைச் செய்ய முடிந்தால், இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் எதைத்தான் செய்யாது? பிறப்பன பல, பிழைப்பன சில. சிறு மாறுதல் ஒன்று பிழைக்க உதவினால், அது பிள்ளைக்குப் போகும், பேரனுக்குப் போகும், காலப்போக்கில் புதியதோர் இனமே உருவாகும். இதுதான் அவர் கொள்கையின் சாரம். கொள்கைக்குக் கால்கோள் நாட்டியவை, புறாக்கூண்டுகள்!

அந்தப் புறா ஆராய்ச்சியிலே நம் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னை அரசாங்கத்தில் உயர் பதவியில் இருந்த வால்டர் எலியட்டுக்கு டார்வின் எழுதினார். எலியட், இந்நாட்டுப் புறாத் தோல்களை அனுப்பினார். புறா வளர்ப்பைப் பற்றிப் பாரசீக மொழியிலே எழுதப்பட்டிருந்த பழைய ஏடு ஒன்றை மொழிபெயர்க்கச் செய்தும் அனுப்பினார். டார்வின் தம் நூலிலே நன்றியோடு அதைக் குறித்திருக்கிறார்.

எடின்பரோ தாவரத் தோட்டத்திலே வேலை பார்த்தவர் ஜான் ஸ்காட். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். இளமையிலேயே தோட்டவேலைக்குப் போனவர். 1862-ல் அவர் டார்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். புகழ்ந்தல்ல, பிழையைச் சுட்டி! தாங்கள் ஆர்க்கிட் மலர்களைப் பற்றி வெளியிட்ட நூலிலே, இன்ன மலர் ஆண் மலர் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள், அது தவறு, நான் மகரந்தம் இட்டேன், காய் பிடித்தது — இதுதான் செய்தி.

உலகறிந்த அறிஞரின் நூலிலே ஒரு தோட்டக்காரன் குற்றம் கண்டால், மேதைகள் என்று தம்மை எண்ணிக்கொள்வோர் என்ன செய்வார்கள்? கடிதத்தைக் கசக்கி எறிவார்கள். பதில் போட்டாலும், உன் வேலையைப் பார் என்று போடுவார்கள். டார்வினோ மகிழ்ந்தார். பிழையை ஒத்துக்கொண்டார். இன்னும் சொல்லுங்கள் என்று கேட்டார். தோட்டக்காரரின் ஆராய்ச்சிக் கட்டுரையை, விஞ்ஞானிகள் கூடும் லின்னியன் சங்கத்தின் முன் வைக்க ஏற்பாடு செய்தார். ஸ்காட்டுக்கு எடின்பரோவில் வேலை கசந்து வெளியேறிய நேரத்திலே, கப்பல் செலவுக்கும் உதவி, இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார். ஸ்காட் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் காப்பாளர் ஆனார்; அங்கிருந்தும் டார்வினுக்குச் செய்திகள் அனுப்பியபடி இருந்தார்.

வந்த கடிதங்களை டார்வின் பூசையில் வைத்துப் போற்றவில்லை, உழைக்க வைத்தார். வேண்டிய பகுதியைக் கத்தரியால் வெட்டுவார். பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குவார். மற்றவற்றைக் கம்பியிலே குத்திவைப்பார். கம்பிகள் நிரம்பிவிட்டால், பல ஆண்டுக் கடிதங்களை உருவி நெருப்பிலிட்டுவிட்டு, காலியான கம்பியை மறுபடியும் பயன்படுத்துவார்! 1862-க்கு முன் அவருக்கு வந்த கடிதங்களிலே பெரும்பாலானவை இப்படிச் சாம்பலாயின. அவர் மகன் பிரான்சிஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். இந்த நெருப்பை நம் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், அடுத்து நாம் சொல்லப்போகும் கடிதத்துக்கும் அந்த நெருப்புக்கும் தொடர்பு உண்டு.

1837-லேயே தம் கொள்கையைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியவர் டார்வின். 1844-ல் விரிவாகவே எழுதிவிட்டார். ஆனால் வெளியிடவில்லை. நான் இறந்தால் இதை வெளியிட 400 பவுன் செலவிடுக என்று மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, கட்டுரையைக் கட்டி உள்ளே வைத்துவிட்டார். ஆதாரம் போதாது என்ற தயக்கம். சமூகத்தின் சீற்றம் குறித்த அச்சம். மனைவியின் மனம் புண்படுமே என்ற வேதனை. ஆண்டுகள் உருண்டன.

1858 சூன் 18. அஞ்சலிலே ஒரு கனத்த உறை வந்தது. மலாய்த் தீவுக் கூட்டத்திலிருந்து ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அனுப்பியது. யார் இந்த வாலஸ்? பதினான்கு வயதளவிலேயே வறுமையால் பள்ளியை விட்டவர், நிலம் அளக்கும் தொழில் பார்த்தவர், தாமாகவே படித்தவர். பறவைகளையும் பூச்சிகளையும் பிடித்து அனுப்பி, விற்ற காசிலே வயிறு வளர்த்தவர். ஒருமுறை கப்பல் தீப்பற்றி, ஆண்டுக்கணக்கில் அமேசான் காட்டிலே திரட்டியதை எல்லாம் கடலிலே பறிகொடுத்தவர். அவர் குளிர்க்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தபோது தோன்றிய எண்ணத்தைக் கட்டுரையாக எழுதி, இது பயனுள்ளதா பாருங்கள். தக்கதென்றால் லயல் அவர்களிடம் காட்டுங்கள் என்று டார்வினுக்கு அனுப்பியிருந்தார்.

படித்தார் டார்வின். இடி விழுந்தது! இருபது ஆண்டுகளாகத் தாம் மூடி வைத்திருந்த அதே கொள்கை. ஏறக்குறைய அதே விளக்கம். முன்பின் நேரில் பழகாத ஓர் ஏழை எழுதி அனுப்பியிருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கடிதம் வந்தது அந்த வீட்டில் உள்ளோருக்கன்றி வேறு யாருக்கும் தெரியாது. எழுதியவர் இருப்பதோ உலகத்தின் மறுகோடி. அவருக்குப் பட்டம் இல்லை, பணம் இல்லை, பரிந்து பேச ஆளில்லை. பழைய கடிதங்களை எரிக்கும் நெருப்போ, அந்த வீட்டிலேயே மூட்டப்படுவது வழக்கம். கடல் அஞ்சலிலே எத்தனையோ கடிதங்கள் காணாமற்போகும் காலம். கை சற்றே தவறியிருந்தால் கேட்பார் யார்?

டார்வின் அதைச் செய்யவில்லை. கட்டுரையை லயலுக்கு அனுப்பினார். கீழ்த்தரமாக நடந்தேன் என்று வாலஸோ வேறெவரோ எண்ணுவதைவிட, என் நூல் முழுவதையும் எரித்துவிடுவேன் என்று எழுதினார். அந்த நாட்களில்தான் அவருடைய கைக்குழந்தை செங்காய்ச்சலால் துடித்துக்கொண்டிருந்தது. சூன் 28-ல் குழந்தை இறந்தது. முடிவை நண்பர்கள் லயலிடமும் ஹூக்கரிடமும் விட்டுவிட்டார். சூலை 1-ம் நாள், லின்னியன் சங்கத்திலே டார்வினின் பழைய குறிப்புகளும் வாலஸின் கட்டுரையும் ஒன்றாகப் படிக்கப்பட்டன. டார்வின் அங்கே இல்லை. பிள்ளையைப் புதைத்த துயரத்திலே இருந்தார்.

இதிலே குறை இல்லையா? உண்டு. வாலஸின் இசைவை யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்றாலும், கேட்கவில்லை என்பது உண்மை. படிக்கும்போதும் டார்வினின் எழுத்து முதலிலே வைக்கப்பட்டது. வாலஸின் எழுத்து கடைசியிலே. பெரிய இடத்து நண்பர்கள் இருந்ததால் டார்வினுக்கு நன்மை விளைந்தது. நாம் இதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் வாலஸ் பின்னர் செய்தி அறிந்து மகிழ்ந்தார். இருவரும் இறுதிவரை நண்பராகவே இருந்தனர். 1889-ல் தாம் எழுதிய நூலுக்கு டார்வினியம் என்றே பெயரிட்டார் வாலஸ். முதுமையில் வாலஸ் வறுமையுற்றபோது, முதலமைச்சர் கிளாட்ஸ்டனுக்கு மனு எழுதி, நண்பர்களிடம் கையொப்பம் திரட்டி, 1881-ல் ஆண்டுக்கு 200 பவுன் அரசாங்க உதவித்தொகை பெற்றுத் தந்தார் டார்வின். எரிக்கப்படாத ஒரு கடிதம், வரலாற்றிலே இரண்டு பேரின் பெயரையும் நிறுத்திற்று.

1859 நவம்பர் 24-ல், உயிரினங்களின் தோற்றம் என்னும் நூல் வெளிவந்தது. முதற்பதிப்பு 1,250 படிகள். இப்போது வரத் தொடங்கின, வேறு வகைக் கடிதங்கள்! கேம்பிரிட்ஜிலே நிலவியல் கற்பித்த முதிய ஆசிரியர் செட்ஜ்விக் எழுதினார் — மகிழ்ச்சியைவிட வேதனையே மிகுதி. சில பகுதிகள் கண்டு விலா நோகச் சிரித்தேன் என்று. சார்லஸ் கிங்ஸ்லி என்னும் பாதிரியாரோ, வேறு விதமாக எழுதினார் — ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே படைத்தார் என்பதைவிட, தாமே வளர்ந்து மாறும் உயிர்களைப் படைத்தார் என்பது கடவுளுக்கு உயர்வுதானே என்று. ஒரே நூல், இரு பாதிரிமார், இரு மனம். டார்வின் இரு கடிதங்களையும் மதித்தார். எதிர்ப்பவரைத் திட்டவும் இல்லை. ஆதரித்தவரைத் தூக்கிவைத்து ஆடவும் இல்லை.

இலங்காஷயர்த் தொழிலாளர்கள் பற்றியும் அவர் காதுக்குச் செய்தி எட்டிற்று. 15 ஷில்லிங் விலை கொடுக்க முடியாத தொழிலாளர்கள், கைக்காசு போட்டுச் சேர்ந்து அந்த நூலை வாங்குகிறார்கள் என்று. உடனே மலிவுப் பதிப்பு போடுமாறு பதிப்பாளரைக் கேட்டார். 1872-ல் வந்த ஆறாம் பதிப்பின் விலை ஏழரை ஷில்லிங், பாதி விலை. அந்தத் தொழிலாளர்கள் யார் யார் என்று நமக்குப் பெயர் தெரியாது. பஞ்சு படிந்த கைகளால் அந்த ஏட்டைப் புரட்டியிருப்பார்கள் என்று எண்ணும்போதே நெஞ்சு நிமிர்கிறது.

சிரிப்பு மூட்டும் கடிதங்களும் வந்தன. ஒரு சொற்போர் மன்றத்திலே பரிணாமக் கொள்கையை ஆதரித்துப் பேசப்போகிறேன்; படிக்க எனக்கு நேரமில்லை; தங்கள் கொள்கையைச் சுருக்கி எழுதி அனுப்புங்கள் என்று ஓர் இளைஞர் டார்வினுக்கே எழுதினாராம்! அவருக்கும் மரியாதையாகப் பதில் போனது. மேடைக்கு உதவும் சரக்கு அதிகம் இல்லை, அவ்வளவுதான். மேடை ஏறும் நம் தோழர்களிலே அந்த இளைஞருக்கு உறவினர் சிலர் உண்டு என்பதை நாம் அறிவோம், பெயர் சொல்லமாட்டோம்! இப்படிப்பட்ட கடிதங்களுக்கும் பதில் போடாவிட்டால், இரவிலே அவருக்கு மனம் உறுத்துமாம். தொல்லை தருவோர்க்கென்று அச்சிட்ட விடைத்தாள் ஒன்றைத் தயாரித்தார். அதைக்கூடப் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை.

1867-ல் பதினாறு கேள்விகள் கொண்ட தாளை உலகெங்கும் அனுப்பினார். வியப்பிலே கண் விரிகிறதா? வெட்கத்திலே முகம் மாறுகிறதா? மறுக்கும்போது தலை எப்படி அசைகிறது? 36 பேர் விடை எழுதினர். இலங்கையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் விடைகள் வந்தன. அவற்றைத் தொகுத்து 1872-ல் நூலாக்கினார். கண்ட முடிவு என்ன? நிறம் எதுவாயினும், நாடு எதுவாயினும், மனிதனின் அழுகையும் சிரிப்பும் ஏறக்குறைய ஒன்றே. மனிதர் யாவரும் ஒரு மரபிலே வந்தோர் என்பதற்கு, முகங்களே சாட்சி சொல்லின. அந்தச் சாட்சியத்தைச் சுமந்து வந்தது அஞ்சற்பை.

பெண்களிடமிருந்தும் கடிதங்கள் வந்தன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து மேரி டிரீட் எழுதினார். பூச்சி தின்னும் செடிகளைப் பற்றி அவர் கண்டறிந்ததை 1875-ல் வெளியிட்ட நூலிலே பெயர் சொல்லி எடுத்தாண்டார் டார்வின். மான்செஸ்டரிலிருந்து லிடியா பெக்கர், மலர்களை அனுப்பினார். மகளிர் கழகத்திலே படிக்க ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார். டார்வின் தம் கட்டுரைகளை அனுப்பிவைத்தார். இந்த லிடியா பெக்கர்தான், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று நாடெங்கும் முழங்கிய வீராங்கனை.

ஆனால், இத்தனை பெண்களிடம் பாடம் கேட்ட அதே டார்வின், அறிவிலே பெண் ஆணுக்குத் தாழ்ந்தவள் என்று எழுதியும் வைத்தார்! 1881 டிசம்பரில், அமெரிக்காவின் கரோலின் கென்னார்ட் என்னும் பெண்மணி கேட்டு எழுதினார் — உங்கள் நூலைக் காட்டிப் பெண்களை மட்டம்தட்டுகிறார்கள். நீங்கள் உண்மையிலேயே அப்படித்தான் கருதுகிறீர்களா? ஆமாம் என்ற பொருள்படவே பதில் வந்தது. கென்னார்ட் விடவில்லை. 1882 சனவரியில் மறுபடியும் எழுதினார். ஆணுக்குள்ள கல்வியையும் வாய்ப்பையும் பெண்ணுக்கு முதலில் கொடுங்கள். அதன்பிறகு அளந்து பாருங்கள் — இதுதான் அந்த அம்மையாரின் வாதம். வாதத்திலே வென்றவர் யார்? ஐயமின்றி கென்னார்ட்தான். சூழ்நிலை உயிரை மாற்றும் என்று உலகுக்குச் சொன்னவர், பெண்ணைச் சூழ்ந்திருந்த சிறையைக் காணத் தவறினார். எசமானர் எதிரே அடிமை சொல்லும் பதிலுக்கு மதிப்பேது என்று பீகிள் கப்பலிலே கேட்டவர், இங்கே அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார். பெரிய மனிதரைப் போற்றுவதற்காக அவர் பிழையையும் போற்றினால், அது பகுத்தறிவாகாது, பக்தியாகிவிடும்.

இன்னொரு கதையையும் திருத்திவிடுவோம். கார்ல் மார்க்ஸ் தம் மூலதனம் நூலை டார்வினுக்குக் காணிக்கையாக்க விரும்பினார். டார்வின் மறுத்தார் என்று நெடுநாள் பேசினார்கள். அது உண்மையல்ல. மார்க்ஸ் 1873-ல் தம் நூலின் ஒரு படியை அனுப்பினார். டார்வின் நன்றி எழுதினார். நூலின் பெரும்பகுதி தாள் பிரிக்கப்படாமலே கிடந்தது. காணிக்கை பற்றிய மறுப்பு, 1880-ல் எட்வர்ட் ஏவ்லிங்குக்கு எழுதியது. ஏவ்லிங், மார்க்சின் மகளோடு பின்னாளில் வாழ்ந்தவர். கடிதங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டதால் வந்த குழப்பம் அது. சமயத்தை நேரடியாகத் தாக்கும் நூலுக்குத் தம் பெயரைத் தர டார்வின் விரும்பவில்லை. குடும்பத்தினர் மனம் நோகும் என்று அஞ்சினார். எம்மாவின் பழைய கடிதம், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசிக்கொண்டிருந்தது!

கடைசியாக ஒரு கடிதம். 1882 பிப்ரவரி. டார்வினுக்கு வயது எழுபத்து மூன்று. நெஞ்சு வலி தொடங்கிவிட்டது. நார்த்தாம்ப்டன் நகரிலிருந்து ஓர் உறை வந்தது. எழுதியவர் வால்டர் டிராபிரிட்ஜ் கிரிக். காலணித் தொழிலிலே இருந்தவர். வயது இருபத்தைந்துகூட நிரம்பாதவர். நீரிலே நீந்தும் வண்டு ஒன்றைப் பிடித்தேன்; அதன் காலிலே சின்னஞ்சிறு சிப்பி ஒன்று கவ்விக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தார். நடக்க முடியாத நன்னீர்ச் சிப்பி, குளம் விட்டுக் குளம் எப்படிப் பரவுகிறது என்பது டார்வினை நெடுநாளாக உறுத்திய கேள்வி. விடை, ஒரு வண்டின் காலிலே தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது!

சாவின் வாயிலிலே நின்ற கிழவர், துள்ளி எழுந்தார். கேள்விமேல் கேள்வி எழுதினார். கிரிக் வண்டையும் சிப்பியையுமே அனுப்பிவைத்தார். வண்டு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அது வேதனையின்றிச் சாகட்டும் என்று இலை நறுக்கியிட்ட புட்டியிலே வைத்தார் டார்வின். பின்னர் செய்தியை, கிரிக்கின் பெயரோடு, நேச்சர் என்னும் ஏட்டிலே வெளியிட்டார். வெளிவந்த நாள் ஏப்ரல் 6. ஏப்ரல் 19-ல் டார்வின் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே அடக்கம் செய்தார்கள். அவர் உடலைச் சுமந்து சென்றோர் வரிசையிலே பிரபுக்களோடு வாலஸும் நடந்தார்.

கதை அதோடு முடியவில்லை. காலணித் தொழிலிலே இருந்த அந்தக் கிரிக்கின் பேரன்தான் பிரான்சிஸ் கிரிக். உயிரின் குணங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து செல்லும் டி.என்.ஏ. என்னும் பொருளின் அமைப்பை, ஜேம்ஸ் வாட்சனோடு சேர்ந்து 1953-ல் வெளியிட்டவர். வெளியிட்ட ஏடு எது? அதே நேச்சர்! பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று டார்வின் வாழ்நாளெல்லாம் தேடினார். விடை கிடைக்காமலே இறந்தார். அந்த விடையைக் கண்டவர்களிலே ஒருவர், அவருக்குக் கடைசி நாட்களிலே வண்டு அனுப்பியவரின் பேரன்.

இதிலே விதி என்று தேடுவோர் தேடட்டும். நாம் காண்பது வேறு. தோட்டவேலை பார்ப்பவன், புறா வளர்ப்பவன், செருப்பு தைக்கும் ஊரிலே பிறந்தவன், சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பவள் — இவர்கள் கண்ணிலே பட்டதெல்லாம் அறிவுதான். கேட்க ஒருவர் இருந்தார், ஆகவே சொன்னார்கள். சொல்ல வழி இருந்தது, ஒரு பென்னி அஞ்சல். ஆகவே போய்ச் சேர்ந்தது. கேட்க ஆளில்லாமல், சொல்ல வழியில்லாமல், எத்தனை கோடி உழைப்பாளிகள் கண்டறிந்த உண்மைகள் அவர்களோடேயே மண்ணாயின என்பதை யார் கணக்கெடுத்தார்?

எனவே தோழர்களே, பட்டறையிலே, வயலிலே, ஆலையிலே நீங்கள் கண்டதை அற்பமென்று எண்ணாதீர்கள், எழுதுங்கள். பொறுப்பிலே இருப்போர், எழுதியவன் யார் என்று பார்த்துவிட்டு உறையைத் தூக்கி எறியாதீர்கள்; பிரியுங்கள். ஒரு வண்டின் காலிலே ஒரு சிப்பி தொற்றிக்கொண்டிருக்கலாம்.